முதல் எட்டு வினாடிகள்

லண்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஹவுன்ஸ்லோவில் நான் இருக்கும் வீட்டுக்கு மேலால் விமானங்கள் இறங்கும் நேரம் எனக்கு மனப்பாடம். ஒரு கிழமை, ஏழு நாளும், காலையிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை எங்கள் கூரையை உரசுவது போல வந்துகொண்டே இருக்கும். சரியாக மூன்று மணிக்கு மற்ற ஓடுபாதைக்கு மாறிவிடும். அடுத்த கிழமை இது தலைகீழாகும். இந்த ஊரில் துணி காயப்போடுகிறவர்களுக்குக்கூட இது தெரியும். எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும், ஏனென்றால் நான் வீட்டில் இசைத்தட்டு வெட்டுகிறேன். பெரிய விமானம் ஒன்று தாழப் பறந்தால் வீட்டுச் சுவர் அதிரும், சுவரோடு மேசை அதிரும், மேசையோடு ஊசி அதிரும். அந்த அதிர்வு தட்டில் பள்ளமாக விழுந்துவிடும். பிறகு அதை எடுக்கவே முடியாது.

வெட்டும் இயந்திரத்தைக் குரோய்டனில் ஒரு வெள்ளைக்காரரிடம் பழையதாக வாங்கினேன். கனமான ஒரு சுழலும் தட்டு, அதற்கு மேலே ஒரு கை, கையின் நுனியில் சூடேறும் வைர ஊசி. வெறுமையான பிளாஸ்டிக் தட்டை அதில் வைத்துப் பாட்டைக் கணினியிலிருந்து அனுப்பினால், ஊசி பாட்டுக்கு ஏற்ப நடுங்கிக்கொண்டே வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கி வெட்டிக்கொண்டு போகும். வெட்டுப்பட்ட பிளாஸ்டிக் தலைமயிர் போல மெல்லிய நூலாகக் கிளம்பும். அதை அப்போதைக்கப்போது உறிஞ்சி எடுக்காவிட்டால் ஊசியில் சிக்கித் தட்டு நாசமாகிவிடும். உறிஞ்சுவதற்கு வீட்டுத் தூசி எடுக்கும் மெசினைத்தான் பயன்படுத்துகிறேன். அதன் இரைச்சல் தாங்காது என்பதால் மெசினைக் குளியலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, குழாயை மட்டும் கதவுக்குக் கீழால் இழுத்துவந்திருக்கிறேன்.

வீட்டில் வெட்டும்போது அவசரம் என்பது கிடையாது. பன்னிரண்டு நிமிடப் பாட்டை வெட்டப் பன்னிரண்டு நிமிடம் வேண்டும். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் நடக்கக் கூடாது, பலகைத் தரை அசையும். நான் கட்டிலில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பேன். போன் அடித்தால் எடுக்க மாட்டேன். அப்படி ஒன்றும் அடிப்பதில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப்போட்டு மறுபக்கம். ஒரு பின்னேரத்துக்கு நான்கு தட்டு வெட்டினால் இரண்டு நன்றாக இருக்கும்.

தொழிற்சாலையில் இதே வேலை வேறு மாதிரி. அங்கே ஒரே ஒரு தடவைதான் வெட்டுவார்கள். அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, சூடான வினைல் கட்டியை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து நசுக்குவார்கள். அரை நிமிடத்துக்குள் ஒரு தட்டு. நூறாவது தட்டும் முதலாவது தட்டும் ஒன்றே. ஆனால் நூறுக்குக் குறைய அவர்கள் செய்வதில்லை. பல மாதம் காத்திருக்கவும் வேண்டும்.

எனக்குத் தொழிற்சாலைத் தட்டுத்தான் வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் சத்தத்தின் தரம் அல்ல. வீட்டில் செய்தது என்ற சொல் பலகாரத்துக்குப் பெருமை. என் பெயர் போட்ட இசைத்தட்டுக்கு அது போதாது என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்த அண்ணை எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவர். அதன்பிறகு அவர் பள்ளிக்கூடம் போனது அகதியாக அதில் படுக்கத்தான். அவர்தான் முதலில் லண்டனுக்கு வந்தார். குரோய்டனில் அகதி விண்ணப்பம் பார்க்கும் பெரிய கட்டடத்துக்கு முன்னால் வரிசையில் நின்று நின்று, கடைசியில் எங்களையும் இங்கே எடுப்பித்தார். வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அண்ணை விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கினார். நான் படித்தேன். பல்கலைக்கழகத்தில் செவிப்புலன் படித்து, இப்போது ஒரு மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலை செய்கிறேன். பட்டமளிப்புப் படத்தை எல்லாரும் பார்க்கும் இடத்தில் மாட்டியிருக்கிறேன், என் வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்றாலும். அம்மாவும் அப்பாவும் கனடாவில் இருக்கும் அக்காவிடம் போய்விட்டார்கள். அண்ணை கலியாணம் கட்டிப் பார்க்கிங் என்ற ஊருக்குப் போய்விட்டார். லண்டனின் மேற்கு நுனியிலிருந்து கிழக்கு நுனிக்கு ரயிலில் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம்.

என் வேலையே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் வேலைதான். நோயாளி சத்தம் புகாத சிறு அறைக்குள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இருப்பார். நான் வெளியே இருந்து மெல்லிய ஒலிகளை அனுப்புவேன். கேட்டால் அவர் பொத்தானை அழுத்துவார். நாள் முழுக்க மனிதர்களோடுதான் இருக்கிறேன், ஆனால் நான் பேசுவது திரும்பத் திரும்ப ஒரே நான்கு வசனங்கள். வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னமே குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சுருதிப் பெட்டியைப் போட்டுவிடுவேன். பாடுவதற்காக அல்ல. ஐந்தரைக் கட்டையில் அது பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தால் வீட்டில் ஆள் இருப்பது போலத் தோன்றும். சமைக்கும்போதும் சாப்பிடும்போதும் அது ஓடும். நித்திரைக்குப் போகும்போதுதான் நிறுத்துவேன். இப்படிப் பழகியதில் அது ஓடுவதே எனக்குக் கேட்காமல் போய்விட்டது.

பாட்டு நான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பழகியது. என்னோடு பழகியவர்கள் எல்லாருக்கும் மண்டபம் எடுத்து, பக்கவாத்தியத்துக்கு இந்தியாவிலிருந்து ஆள் கூப்பிட்டு அரங்கேற்றம் நடந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை நானே எடுக்கவில்லை. முப்பதாவது வயதில், அதற்குப் பதிலாக ஓர் இசைத்தட்டு என்று முடிவெடுத்தேன். பக்கத்துக்கு இரண்டு பாட்டு. பக்கவாத்தியம் இல்லை. குரல், அதற்குக் கீழே சுருதி. அவ்வளவுதான்.

வீட்டிலேயே பாடி ஒலிப்பதிவு செய்தேன். விமானம் இல்லாத நேரம் பார்த்துத்தான் செய்தேன். ஆனாலும் தூரத்து ஓடுபாதையின் இரைச்சல் ஒரு பாட்டில் மெல்ல ஏறியிருந்தது. அது எனக்கு வெட்கமாக இருந்தது. நூறு பேரின் வீட்டில் என் பாட்டோடு ஹவுன்ஸ்லோ விமானமும் போய் இறங்குவதா? தொழிற்சாலைக்கு அனுப்பிய படிவத்தில், பின்னணி இரைச்சல் இருக்கிறது, சுத்தம் செய்து தரவும் என்று எழுதினேன்.

சில மாதம் கழித்து ஐந்து மாதிரித் தட்டுகள் வந்தன. கேட்டுப் பார்த்துப் பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் நூறும் செய்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பிட்டுவிட்டுப் பிளேயருக்கு முன்னால் இருந்து, இரண்டு பக்கத்தையும் முழுதாகக் கேட்டேன். கீறல் இல்லை. வெடிப்புச் சத்தம் இல்லை. விமானமும் இல்லை. என் குரல் எவ்வளவு தெளிவு என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்றே கையெழுத்துப் போட்டேன். குசினியில் சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்ததை நான் நினைக்கவே இல்லை.

நூறு தட்டும் வந்து சேர்ந்ததும் வெளியீட்டுக்கு நூலகத்தில் ஓர் அறை எடுத்தேன். எங்கள் ஆட்களிடம் எது வெளிவந்தாலும் மேடையில் முதற்பிரதியை வாங்க ஒருவர் வேண்டும். வழக்கமாக ஒரு டொக்டர், அல்லது பெரிய கடைக்காரர். அழைப்பிதழில் அவர்களின் பெயருக்குக் கீழே பட்டம் இருக்கும். நான் அண்ணையின் பெயரைப் போட்டேன். சொன்னதும் அவர் சிரித்தார்.

"பேருக்குக் கீழ என்னடி போடுவாய்? எட்டாம் வகுப்பு எண்டோ?"

"என் அண்ணன் எண்டு போட்டிருக்கிறன்."

"அது என்ன, பட்டமோ?"

"போங்கோ அண்ணை."

அழைப்பிதழைக் கையில் வைத்து இரண்டு மூன்று தடவை பார்த்தார். நேர்த்தியாகத் தைத்த சேட் ஒன்று வாங்க வேண்டும் என்று அண்ணியிடம் சொன்னாராம்.

அடுத்த ஞாயிறு ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பார்க்கிங் போனேன். அண்ணை என் தட்டுக்காகவே பழைய பிளேயர் ஒன்று வாங்கி வைத்திருந்தார். வீட்டில் அண்ணியும், அண்ணியைப் பார்க்க வந்திருந்த அவருடைய தம்பியும் இருந்தார்கள். தேத்தண்ணி வந்தது. அண்ணை ஊசியைத் தானே வைத்தார். நான் தட்டைக் கேட்கவில்லை, அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் வரி முடியும் முன்னமே அண்ணை தலையைச் சரித்தார்.

"சுருதி எங்கயடி?"

"இருக்குது அண்ணை."

"இல்லை."

"வடிவாக் கேளுங்கோ. கீழ இருக்குது."

அவர் குனிந்து காதைப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனார். "நான் இவ்வளவு வருசம் உன்னைச் சனிக்கிழமை ஏத்திக்கொண்டு போய், வான் வண்டிக்குள்ள குளிருதெண்டு உங்கட வகுப்புக்குப் பின்னால குந்தியிருந்தவன். பாட்டு எனக்குத் தெரியாது. சுருதி தெரியும். இதில இல்லை. அதோட நீ மேல போயிட்டு வந்து நிக்கிற இடத்தில குரல் தேயுது."

அண்ணியின் தம்பி சிரித்தான். "அத்தான், உங்களுக்கு மைக்ரோவேவ் அடிக்கிறதே கேக்கிறேல்ல. சுருதி கேக்குமே?"

அந்தச் சிரிப்போடு நான் நிறுத்தியிருக்கலாம். நூறு தட்டுகள் வீட்டில் இருந்தன. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. கையெழுத்துப் போட்டது நான். காதைச் சோதிப்பது என் தொழில்.

"அண்ணை, உங்கட காதுக்கு அது கேக்காது" என்றேன். "ரிப்போட் நான் பாத்தனான்தானே."

அண்ணை ஊசியை மெல்லத் தூக்கினார். கீறல் விழாதபடி தட்டை விளிம்பில் பிடித்து உறைக்குள் போட்டார். "ஓம், அதுவும் சரிதான்" என்றார். அண்ணியின் தம்பி வேறு எதையோ பேசத் தொடங்கினான். நான் புறப்பட்டபோது அண்ணை கதவுவரை வந்தார்.

"முதல் பிரதிக்கு வேற ஆரையும் போடு. காது கேக்காதவன் ஏறி நிண்டு இசைத்தட்டு வாங்கினா சனம் சிரிக்கும்."

"அண்ணை, நான் அப்பிடிச் சொல்லேல்ல."

"கோவம் இல்லை. பாத்துப் போ. ரயில் ஏறினோன்ன மெசேஜ் போடு."

ரயில் நிலத்துக்குள் போனதும் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஏனென்றால் ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும். விமானங்களுக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக நின்றவர்களின் காதில் போவது உயர்ந்த ஒலிகள். மைக்ரோவேவின் கீச்சு, குருவி, குழந்தையின் சிணுங்கல். தாழ்ந்த ஒலிகள் அப்படியே இருக்கும். அண்ணையின் ரிப்போட்டும் அப்படித்தான். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பிரிவுக்கே வந்து சோதித்தார். சோதித்தது என்னோடு வேலை செய்யும் பெண், முடிவை விளக்கியது நான். சுருதி தாழ்ந்த ஒலி. அன்று அவர் வீட்டில் இருந்த மற்ற மூவரைப் போலவே அதைக் கேட்க அவருக்கும் ஒரு தடையும் இல்லை. தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கப்படி சுருதிப் பெட்டிக்குக் கை போனது. அதைப் போடாமல் கையை எடுத்துவிட்டேன். சப்பாத்தோடு நின்று தட்டைப் போட்டேன்.

சுருதி இல்லை. தொடக்கத்தில் எட்டு வினாடி வெறுமை. பிறகு என் குரல், அந்தரத்தில். அண்ணை சொன்னதும் சரி. சட்ஜமத்தில் வந்து நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் குரல் மெலிந்து, யாரோ போர்வையால் மூடியது போலப் போயிற்று. பஞ்சமத்திலும் அப்படித்தான். யாரும் துணைக்கு வராத ஒரு பாட்டு. முழுவதையும் கேட்டேன். வீட்டில் குளிர்பெட்டியின் சத்தம் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தொழிற்சாலைக்கு எழுதினேன். அங்கே வெட்டும் வேலையைச் செய்தவர் மரியாதையாகவே பதில் போட்டிருந்தார். இரைச்சலைச் சுத்தம் செய்வதற்கு, இசை இல்லாத ஓர் இடத்தை மாதிரியாக எடுத்து, அதே சத்தத்தை முழுப் பாட்டிலிருந்தும் கழிப்பார்களாம். என் பாட்டில் முதல் எட்டு வினாடிகளில் பாட்டும் இல்லை, வாத்தியமும் இல்லை, ஏதோ மெசின் இரையும் சத்தம் மட்டும் இருந்ததாம். ஆகவே அதையே மாதிரியாக எடுத்து நான்கு பாட்டிலிருந்தும் கழித்தாராம், விமானத்தைத் தனியாக வடிகட்டினாராம். மாதிரித் தட்டைக் கேட்டு நான் சரி என்றதால் மேலே போனார்களாம். திருப்பிச் செய்து தரலாம், முன்போலவே சில மாதங்கள் ஆகும்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. எங்கள் பாட்டில் பாடகர் வாய் திறப்பதற்கு முன்னமே பாட்டு தொடங்கிவிடுகிறது என்பதை அவருக்கு யார் சொன்னார்கள்? எனக்கே அதைச் சொல்லத் தோன்றவில்லை. எழுத வேண்டிய இடத்தில் நான் எழுதியது விமானத்தைப் பற்றி.

அண்ணைக்குச் சொல்ல வேண்டும். ஒரு வசனம்தான். ஒன்பது நாள் சொல்லவில்லை. போனில் எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எழுதினால் சுலபமாக வந்தது, அதனாலேயே அழித்தேன். தமிழில் எழுதினால் கடிதம் போல நீண்டது. வெளியீட்டை ஒத்திவைப்பதாக மற்றவர்களுக்கு அறிவித்தேன். தொழில்நுட்பக் காரணம் என்று போட்டேன். கட்டைவிரலை உயர்த்திய படங்கள் சில போனில் வந்தன. ஒருவரும் என்ன காரணம் என்று கேட்கவில்லை. நான் ஒன்றும் அறிவிக்காமலே நூறையும் கொடுத்திருந்தால்கூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று அப்போது விளங்கிற்று. வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் பிளேயரே இல்லை. தட்டைப் படம் போல அலுமாரியில் நிறுத்தி வைப்பார்கள். அதில் சுருதி இல்லை என்று கேட்டுப் பிடித்தவர்கள் உலகத்தில் அண்ணையும் நானும் மட்டுமே. அவரோ தன் காதில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கிழமை விமானங்கள் காலையில் எங்கள் பக்கம். சனிக்கிழமை மூன்று மணிக்காகக் காத்திருந்தேன். சத்தம் மாறியதும் மெசினைக் குளியலறைக்குள் வைத்து, குழாயை இழுத்து, ஊசியைச் சூடாக்கினேன். நான் பதிவு செய்த மூலத்தை ஒன்றும் செய்யாமல் அப்படியே அனுப்பினேன். கட்டிலில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். முதல் தட்டில் நூல் சிக்கியது. இரண்டாவதில் கீழ்வீட்டார் கதவை அடித்துச் சாத்தினார்கள். மூன்றாவது தட்டு சரியாக வந்தது. குசினிப் பெட்டியை நிறுத்தி வைத்துத்தான் கேட்டேன். எட்டு வினாடி சுருதி. பிறகு நான். மூன்றாவது பாட்டின் நடுவில் தூரத்தில் விமானம் ஒன்று மெல்ல ஏறி, மெல்ல மறைந்தது.

ஞாயிறு காலை சொல்லாமலே பார்க்கிங் போனேன். கதவைத் திறந்தது அண்ணி. உள்ளே அவருடைய தம்பியின் குரல் கேட்டது. அவன் இல்லாத நாளாகப் பார்த்து வந்திருக்கலாமே என்று ஒரு நினைப்பு. பிறகு, அவன் இருப்பதுதான் நியாயம் என்று உள்ளே போனேன்.

அண்ணை டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் மிக உயரமாக வைத்திருந்தார்.

"வா. சாப்பிட்டியோ?"

"அண்ணை, அதைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினார். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். தட்டில் சுருதி இல்லை, தொழிற்சாலையில் அதை மெசின் சத்தம் என்று எடுத்துவிட்டார்கள், நான் வீட்டில் பெட்டியை ஓடவிட்டுக் கேட்டதில் எனக்குத் தெரியவில்லை, நீங்கள் சொன்னது சரி. அதுவரை சுலபமாக இருந்தது. மிச்சத்தை அண்ணியின் தம்பிக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"உங்கட காதுக்குச் சுருதி கேக்கும். நல்லாக் கேக்கும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அண்டைக்கு அப்பிடிச் சொன்னனான்."

அண்ணியின் தம்பி போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினான். அண்ணி குசினிக்குள் போய்விட்டார்.  அண்ணை கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"கேக்குமோ?" என்றார்.

"ஓம்."

"அப்ப என்ர காதில போனது என்ன?"

"அண்டைக்கு விளங்கப்படுத்தினன்தானே, ஆஸ்பத்திரியில."

"நீ இங்கிலிஷில எல்லோ சொன்னனீ. பக்கத்தில அந்தப் பிள்ளை நிண்டுது. நீ படிச்ச இடம். நான் விளங்கேல்ல எண்டு சொன்னா உனக்கு மரியாதை இல்லை எண்டு தலையை ஆட்டிப்போட்டு வந்தனான்." கையால் காதைத் தடவினார். "கொஞ்சம் கொஞ்சமா முழுக்கப் போகப்போகுதெண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறன். போன் எடுத்தாலும் ஆக்கள் சொல்லுறது பிடிபடுறேல்ல. உனக்கும் அதாலதான் எடுக்கிறேல்ல. சும்மா ஓம் ஓம் எண்டு எவ்வளவு நேரம் சொல்லுறது."

இரண்டு வருடமாக அண்ணை எனக்குப் போன் எடுத்ததில்லை. அவருக்கு வேலை அதிகம், வீடு, குடும்பம் என்று நானே காரணங்களை அடுக்கி வைத்திருந்தேன்.

"ஆஸ்பத்திரியில தந்த காது மெசினைப் போடுறேல்லையே?"

"மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. போட்டா அண்ணி கோப்பை கழுவுற சத்தம்தான் பெரிசாக் கேக்குது. போகப்போற காதுக்கு என்னத்துக்கு அது."

நான் கொண்டுவந்த புதுத் தட்டை வெளியே எடுத்துவிட்டு, அதன் வெள்ளை உறையை மேசையில் வைத்தேன். பேனை வாங்கி ஒரு கட்டம் கீறினேன். இது எத்தனையோ நூறு பேருக்கு நான் காட்டிய படம். தமிழில் சொல்லிக் காட்டியது அன்றுதான் முதல் தடவை. நான்கு வசனங்களுக்கு மேல் போக வேண்டியிருந்தது.

"இடப்பக்கம் தாழ்ந்த சத்தம். பெரிய மேளம், லொறி, உங்கட குரல். வலப்பக்கம் போகப் போக உயர்ந்த சத்தம். உங்கட கோடு இப்பிடி நேராப் போகுது. எல்லாரையும் போல. இஞ்சை வந்து விழுகுது. விழுந்தது இந்தப் பக்கம் மட்டும்தான். இதுவும் மெசின் போட்டா முக்கால்வாசி திரும்பும். காது பழக ரெண்டு மூண்டு மாசம் எடுக்கும். அதுவரைக்கும் கோப்பைச் சத்தம் கேக்கத்தான் செய்யும்."

"முழுக்கப் போகாதோ?"

"அது சத்தத்துக்குள்ள நிண்டதால போனது. நீங்கள் இப்ப அந்த விமான நிலைய வேலையில இல்லைத்தானே."

அவர் விரலை வைத்து, கோடு விழும் இடத்துக்கு வந்தார். "ஆக்கள் கதைக்கிறது?"

"பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். அதுதான் குரல் கேக்கும், சொல்லுப் பிடிபடாது."

"நீ பாடுறது?"

"அதுவும் அப்பிடித்தான். ராகம் முழுக்கக் கேக்கும். சொல்லுத்தான் அங்கங்கை விடுபடும்."

"சொல்லு எனக்கு அந்த நாளிலயும் விளங்கினதில்லை" என்றார் அண்ணை.

பிளேயரைத் திறந்து தட்டைப் போட்டார். எட்டு வினாடி சுருதிக்கும் காதைப் பெட்டிக்குக் கிட்ட வைத்திருந்தார். நான் பாடத் தொடங்கியதும் தலையை ஆட்டினார். அண்ணி தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனதும் தட்டைத் திருப்பிப்போட்டு மறுபக்கத்தையும் கேட்டார். விமானம் வந்த இடத்தில் கையை உயர்த்தினார்.

"இது ஆர், பின்னுக்கு?"

"விமானம். வீட்டில வெட்டினது. அதை எடுக்கச் சொல்லித்தான் இவ்வளவும் நடந்தது."

"அதை ஏன் எடுக்கச் சொன்னனீ?" என்று கேட்டார். உண்மையாகவே காரணம் தெரிய விரும்பியவர் போலக் கேட்டார். பிறகு அவரே சொன்னார்: "அது ஒரு மூலையில நிக்கட்டும். வெளியீட்டுக்கு எத்தினை பேர் வருவினம்?"

"இருபது வந்தாப் பெரிய காரியம்."

"அப்ப இருபது வெட்டு. அழைப்பிதழில என்ர பேர் அடிச்சுக் கிடக்குத்தானே."

"கிடக்கு."

பிறகு மறுபடியும் உறையை எடுத்து, கோடு நேராக ஓடும் பக்கத்தைத் தட்டிக் காட்டினார்.

"சுருதி இஞ்சயோ?"

"ஓம், அதிலதான்."

"அப்ப நான் சொன்னது சரி."

"சரி அண்ணை."

அவர் குசினிப் பக்கம் திரும்பி, காது கேளாதவர்கள் பேசும் அந்த உரத்த குரலில் கூப்பிட்டார். "கேட்டனீரோ? நான் சொன்னது சரியாம்."

"எது?" என்றார் அண்ணி உள்ளே இருந்து.

அண்ணை எழுந்து உறையோடு குசினி வாசலுக்குப் போனார். முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். தொழிற்சாலைக்காரர் சுருதியைக் களவெடுத்துப்போட்டாங்கள் என்றார். தான் முதல் நிமிடத்திலேயே பிடித்ததாகவும், படித்தவர்கள் ஒருத்தருக்கும் கேட்கவில்லை என்றும் சொன்னார். கோட்டை இடம் வலம் மாற்றி விளங்கப்படுத்தினார். அண்ணியின் தம்பி என்னைப் பார்த்தான், நான் திருத்துவேன் என்று எதிர்பார்த்தவன் போல. நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இருந்தேன்.